உறுமிச் சத்தம் ஏன் பிந்தியது? சுங்கை சிப்புட் தோட்டக் கோயில் படத்தொகுப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன, சில தாமான்களாகிவிட்டன, அதாவது வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. இந்த ஆய்வில் வரும் தோட்டத்திலும் லயன் வீடுகள் இப்போது இல்லை. அங்கே பால் மரம் வெட்டிய குடும்பங்கள் பட்டணத்துக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டன. மாரியம்மன் கோயில் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. ஆண்டுத் திருவிழாவுக்கு எல்லாரும் திரும்பி வருவார்கள். இந்த முறை ஆலய நிர்வாகம் ஒரு யோசனை செய்தது: பழைய திருவிழாப் பதிவுகளையும் இந்த ஆண்டுத் தீமிதியையும் சேர்த்து ஒரு மணி நேரப் படமாக்கி, நிறைவு நாள் இரவு கோயில் மண்டபத்தில் காட்ட வேண்டும்.

வேலை பட்டணத்தில் உள்ள ஒரு சின்ன ஸ்டுடியோவுக்குப் போனது. கல்யாண வீடியோ, கடப்பிதழ்ப் படம், பிறந்தநாள் ஆல்பம் என்று நன்றாக நடக்கும் கடை. கடைக்காரத் தம்பி தன் இரண்டு கேமராவில் தானே எடுத்ததைத்தான் அதுவரை தொகுத்திருந்தார். இங்கே வந்து விழுந்தவை ஊரார் வீடுகளில் முப்பது வருடமாகச் சேர்ந்த கோப்புகள். எடிட்டிங் மென்பொருளில் பாதி திறக்கவில்லை. திறந்ததில் பாதி ஒழுங்காக ஓடவில்லை. “அண்ணே, நிறைய எம்பி4 தான். எம்பி4 ஓடும்னுதானே பெட்டியிலயே போட்டிருக்கான்?” என்று அவர் கேட்ட இடத்தில்தான் என் வேலை தொடங்கியது.

வந்த கோப்புகள்

பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இவை கிடந்தன. 90களில் விஎச்எஸ் கேசட்டில் எடுத்து, பிறகு யாரோ டிவிடியாக மாற்றிய திருவிழா. மினி டிவி (MiniDV) என்ற சிறு கேசட் கேமராவிலிருந்து கணினிக்கு இறக்கிய ஏவிஐ கோப்புகள். ஹேண்டிகேம் காலத்து எம்டிஎஸ் கோப்புகள். பட்டன் போனில் எடுத்த 3ஜிபி துண்டு ஒன்று. ஐபோன் எம்ஓவி, ஆண்ட்ராய்டு எம்பி4, வாட்ஸ்அப்பில் வந்த எம்பி4 ஒரு குவியல். நேரலையைப் பதிவு செய்த எம்கேவி ஒன்று. கடைசியாக, தீமிதியின் முக்கியமான பதிவு: படம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே பேட்டரி கழன்று நின்றுபோன ஓர் எம்பி4. அது எந்த பிளேயரிலும் திறக்கவில்லை.

ஒவ்வொன்றும் ஒரு விதமாகத் தகராறு செய்தது. ஒன்றில் சத்தம் வருகிறது, படம் கறுப்பு. இன்னொன்றில் படம் வருகிறது, சத்தம் இல்லை. ஐபோன் படம் வெளிறிப் போய்க் கண்ணைக் கூசுகிறது. டிவிடி படத்தில் காவடி ஆடுபவரின் கை அசையும்போது சீப்புப் பல் போலக் கோடு கோடாகத் தெரிகிறது. ஆண்ட்ராய்டு கோப்பில் தொடக்கத்தில் எல்லாம் சரி. போகப் போக உறுமி அடிக்கும் கையும் சத்தமும் பிரிந்துவிடுகின்றன.

தம்பி அதற்குள் இரண்டு வழி பார்த்திருந்தார். எம்கேவி என்ற பின்னொட்டை எம்பி4 என்று மாற்றிப் பார்த்தது ஒன்று. இலவச இணைய கன்வெர்ட்டரில் ஏற்றி இறக்கியது இன்னொன்று. முதல் வழியில் பெயர்தான் மாறும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். இரண்டாவதில் கோப்பு திறந்தது, ஆனால் படம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. நல்லவேளையாக மூலக் கோப்புகளை அவர் அழிக்கவில்லை.

உறையும் உள்ளிருப்பும்

எம்பி4, எம்ஓவி, எம்கேவி, ஏவிஐ என்பவை உறைகளின் பெயர்கள். படத் தடம், ஒலித் தடம், நேரக் குறிப்பு, சுழற்சிக் குறிப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி வைப்பது உறையின் வேலை. படத்தை எப்படிச் சுருக்கி எழுதியிருக்கிறார்கள் என்பது கோடெக்கின் விஷயம். ஒரே எம்பி4 உறைக்குள் 2003இல் வந்த எச்.264 இருக்கலாம், 2013இல் வந்த எச்.265 இருக்கலாம், 2018இல் வந்த ஏவி1 இருக்கலாம். மூன்றுக்கும் பின்னொட்டு ஒன்றுதான். பெட்டியில் “எம்பி4 ஆதரவு” என்று எழுதியிருப்பதை நம்பி வேலை ஒப்புக்கொள்ளவே கூடாது என்பது என் கருத்து.

கோடெக்கோடும் முடியவில்லை. நிறத்தை எத்தனை பிட்டில் எழுதுவது என்பதில் அதே எச்.265இல் 8 பிட் இருக்கிறது, 10 பிட் இருக்கிறது. நிறத் தகவலை எவ்வளவு குறைத்து எழுதுவது என்ற விகிதம் 4:2:0 ஆகவும் இருக்கலாம், 4:2:2 ஆகவும் இருக்கலாம். ஒன்றைத் திறக்கும் கணினி மற்றதில் கறுப்புத் திரை காட்டும். ஒலித் தடத்துக்கும் இதேபோல் தனிக் கோடெக் உண்டு: ஏஏசி, ஏசி-3, பிசிஎம், ஏஎம்ஆர். படத்தைப் படிக்கத் தெரிந்த மென்பொருளுக்கு ஒலியைப் படிக்கத் தெரியாமல் போவது சாதாரணமாக நடப்பது.

இதற்கு மேல் உரிமக் கட்டணம் இருக்கிறது. எச்.265க்குக் காப்புரிமை வைத்திருப்பவர்கள் ஒரே குழுவில் இல்லை, பல குழுக்களாகப் பிரிந்திருக்கிறார்கள். அதனால்தான் விண்டோஸில் அதற்கான நீட்டிப்பைத் தனியாகக் காசு கொடுத்து இறக்க வேண்டியிருக்கிறது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264, எச்.265 இரண்டையும் திறக்காது; ஸ்டுடியோ பதிப்பு திறக்கும். அந்த மென்பொருளுக்கு இயங்குதளவாரியாக ஆதரவுப் பட்டியல் வெளியிடுகிறார்கள். அதில் படிக்குமா, எழுதுமா என்று தனித்தனிப் பத்திகள் இருக்கும். ஆப்பிளின் தொகுப்புக் கோடெக்கான புரோரெஸ் கோப்பை விண்டோஸில் படிக்க முடிந்தும் எழுத முடியாமல் இருந்த காலம் நீண்டது. அடோபி பிரீமியர் புரோ பல ஆண்டுகள் எம்கேவி உறையை ஏற்கவில்லை. 2018இல் பழைய குவிக்டைம் காலத்துக் கோடெக்குகளையும் கைவிட்டது. கேடிஇன்லைவ், ஷாட்கட் என்ற இலவச எடிட்டிங் மென்பொருள்கள் இரண்டும் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ மாற்றுக் கருவியின் மீது நிற்பவை, அதனால் பழையதும் புதியதுமாக ஏறக்குறைய எல்லாவற்றையும் திறக்கும். ஆனால் திறப்பது வேறு, தடங்கலில்லாமல் தொகுப்பது வேறு. நீளமாகச் சுருக்கிய எச்.264இல் முழு ஃபிரேம் (வீடியோவின் ஒரு தனிப் படம்) எப்போதாவதுதான் வரும். இடையில் உள்ளவை முன்பின் ஃபிரேமோடு உள்ள வித்தியாசத்தை மட்டும் வைத்திருக்கும். ஓர் இடத்தில் வெட்ட வேண்டுமானால் கணினி பின்னே போய் முழு ஃபிரேமைத் தேடி, அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும். கடைக் கணினி திணறியது இதனால்தான்.

பரிசோதனை

மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் ஒவ்வொரு கோப்பையும் போட்டு உறை, படக் கோடெக், பிட் ஆழம், ஃபிரேம் வேகம் நிலையானதா மாறுவதா, இன்டர்லேஸா (ஒரு ஃபிரேம் இரண்டு பாதிகளாக வருகிறதா) இல்லையா, ஒலிக் கோடெக் ஆகியவற்றை ஓர் எக்செல் அட்டவணையில் எழுதினோம். அலுப்பான வேலைதான். ஆனால் அட்டவணை முடிந்தபோது பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. படம் கறுப்பாக வந்தது 10 பிட் எச்.265. சத்தம் வராதது, டிவிடியில் இருந்த ஏசி-3யும் பட்டன் போனின் ஏஎம்ஆரும்.

எம்கேவி கோப்புக்குள் இருந்தது சாதாரண எச்.264, ஏஏசி. அதற்கு மாற்றமே தேவையில்லை. தடங்களைத் தொடாமல் உறையை மட்டும் எம்பி4 ஆக மாற்றினால் போதும், தரம் துளிகூடக் குறையாது, சில நிமிடத்தில் முடிந்துவிடும். இணைய கன்வெர்ட்டரில் கெட்டது இந்தக் கோப்புதான் என்பது வருத்தமான விஷயம். அவசியமே இல்லாமல் மறுபடி சுருக்கப்பட்டிருந்தது.

உறுமி

என் பார்வையில் இந்த வேலையிலேயே முக்கியமான சிக்கல் இதுதான். கல்யாண வீடியோவில் பேச்சு கொஞ்சம் விலகினால் பின்னணிப் பாட்டு மறைத்துவிடும். உறுமி மேளத்தில் அடி விலகினால் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

கைப்பேசிகள் பெரும்பாலும் நிலையான வேகத்தில் ஃபிரேம் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதல் நேரம் கொடுத்து வேகத்தைக் குறைக்கும், சூடானாலும் குறைக்கும். தீமிதி இரவில் நடந்தது. கோப்பின் தலைப்பில் 30 என்று இருந்தது, உண்மையான சராசரி 29.6. பார்த்தால் அற்ப வித்தியாசம். கணக்குப் போட்டால் அப்படியில்லை. 20 நிமிடம், அதாவது 1200 விநாடிக்கு 35,520 ஃபிரேம் எடுக்கப்பட்டிருக்கும். நேரக் குறிப்பைப் பார்க்காமல் விநாடிக்கு 30 என்று வரிசையாக அடுக்கும் மென்பொருளில் அவை 1184 விநாடியில் தீர்ந்துவிடும். ஒலி 1200 விநாடிதான் ஓடும். படம் முன்னே போய்விட, உறுமிச் சத்தம் பின்னால் வருகிறது; கடைசியில் 16 விநாடி இடைவெளி.

தம்பி ஒலித் தடத்தைத் துண்டு துண்டாக வெட்டி நகர்த்திப் பொருத்த முயன்றிருந்தார். அது தீராத வேலை, ஏனென்றால் விலகல் சீராக இல்லை. தீக்குழி அருகே வெளிச்சம் அதிகம், அங்கே வேகம் 30க்குத் திரும்பும். பூசாரி இருட்டுப் பக்கம் திரும்பினால் மறுபடி குறையும். செய்ய வேண்டியது ஒன்றே: தொகுப்புக்குக் கொண்டுவருவதற்கு முன்பே, கோப்பில் உள்ள நேரக் குறிப்பைப் பின்பற்றி நிலையான வேகத்துக்கு மாற்றுவது. தேவைப்பட்ட இடத்தில் ஒரு ஃபிரேம் இரண்டு முறை வரும், நீளம் ஒலியோடு ஒத்துப்போகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மாற்றுக் கருவியில் நிலையான வேகம் என்ற தேர்வு இருக்கிறது. ஷாட்கட் இத்தகைய கோப்பைத் தானாகவே கண்டுபிடித்து, தொகுப்புக்கு ஏற்றதாக மாற்றட்டுமா என்று கேட்கும். நாங்கள் எஃப்எஃப்எம்பெக் வழியாக மொத்தமாகச் செய்தோம். மாற்றிய கோப்பில் முதல் அடியும் கடைசி அடியும் கையோடு ஒட்டி வந்தன.

ஓர் இடைக்குறிப்பு. மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நம் பழைய தொலைக்காட்சி முறை பிஏஎல், விநாடிக்கு 25 ஃபிரேம். கைப்பேசிகள் வாங்கும்போது 30இல் இருக்கும். ஐபோனில் கேமரா அமைப்புகளில் பிஏஎல் வடிவங்களைக் காட்டும் தேர்வு உண்டு. அதைத் திறந்தால் 25 கிடைக்கும். அடுத்த ஆண்டு திருவிழாவுக்குப் படம் எடுக்கும் தம்பி தங்கைகள் அனைவரும் முன்கூட்டியே ஒரே வேகத்தை வைத்துக்கொண்டால் தொகுப்பவருக்குப் பெரிய உபகாரம்.

தீமிதிக் கோப்பு

பேட்டரி கழன்ற எம்பி4இன் அளவைப் பார்த்தால் சில ஜிபி இருந்தது. ஆக, படம் கார்டில் எழுதப்பட்டிருக்கிறது. திறக்காததற்குக் காரணம், எம்பி4 உறையில் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பல கேமராக்கள் பதிவை நிறுத்தும்போதுதான் எழுதும். அந்த அட்டவணைப் பகுதிக்கு மூவ் என்று பெயர். மின்சாரம் திடீரென்று போனால் தரவு இருக்கும், அட்டவணை இருக்காது.

இந்த நிலைமைக்கென்றே அன்டிரங்க் என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றைக் காட்டினால், அதன் அமைப்பைப் பார்த்துப் பழுதான கோப்புக்கு அட்டவணையைத் திரும்பக் கட்டிக்கொடுக்கும். அன்று மாலை கரகம் பாலித்ததை அதே கேமராவில் எடுத்த துண்டு இருந்தது. அதை மாதிரியாகக் கொடுத்தோம். கடைசிச் சில விநாடிகள் தவிர மற்றதெல்லாம் மீண்டது. வேறு சத்தமே இல்லாமல் “அரோகரா” மட்டும் கேட்கும் அந்த நீளக் காட்சிதான் பிறகு படத்தின் நடுப்பகுதியானது. இப்படி ஒரு கோப்பு கெட்டால் அந்த மெமரி கார்டில் மேற்கொண்டு எதையும் பதிவு செய்யக் கூடாது, ஃபார்மட் செய்யட்டுமா என்று கேமரா கேட்டாலும் ஒப்புக்கொள்ளக் கூடாது. இதைத் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்லி வைக்க வேண்டும் என்று ஆலயச் செயலாளரிடம் கேட்டுக்கொண்டேன்.

பழைய படங்கள்

சீப்புக் கோடுகளுக்குக் காரணம் இன்டர்லேஸ். பிஏஎல் முறையில் ஒரு ஃபிரேம் இரண்டு பாதிகளாக வரும்: ஒற்றைப்படை வரிகள் ஒரு கணம், இரட்டைப்படை வரிகள் அடுத்த கணம், விநாடிக்கு 50 பாதி. குழாய்த் தொலைக்காட்சியில் இது தெரியாது. இன்றைய திரையில் இரண்டையும் ஒன்றாகக் காட்டும்போது அசையும் கை இரண்டாகத் தெரிகிறது.

பெரும்பாலோர் இதை 25 ஃபிரேமாகச் சேர்த்துவிடுவார்கள், பாதி அசைவு போய்விடும். நாங்கள் ஒவ்வொரு பாதியையும் ஒரு முழு ஃபிரேமாக விரித்து விநாடிக்கு 50 ஆக்கினோம். காவடியாட்டத்தின் வேகம் அப்படியே திரும்பி வந்தது. கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று: மினி டிவி (MiniDV) வகை ஏவிஐ கோப்பில் கீழ் வரிப் பாதி முதலில் வரும், எங்கள் டிவிடியிலும் எம்டிஎஸ்சிலும் மேல் வரிப் பாதி முதலில் வந்தது. மென்பொருளுக்குத் தவறாகச் சொன்னால் ஆடுபவர் முன்னும் பின்னுமாக நடுங்குவார்.

இதனால் முழுப் படத்துக்கும் 1080, 50 ஃபிரேம் என்று முடிவெடுத்தோம். 30 ஃபிரேம் கைப்பேசிப் படத்தை 25க்குக் கொண்டுவந்தால் ஆறில் ஒரு ஃபிரேமைத் தூக்கி எறிய வேண்டும். 50க்குக் கொண்டுபோனால் சில ஃபிரேம் ஒரு முறையும் சில இரண்டு முறையும் வரும், எதுவும் இழப்பில்லை. பழையதுக்கும் புதியதுக்கும் நியாயமான வழி அதுதான் என்று பட்டது.

பிறகு அகலம். பழைய படம் 720 பெருக்கல் 576, ஆனால் அதன் புள்ளிகள் சதுரமல்ல. 4:3 வடிவில் காட்ட வேண்டும். கடையில் திரையை நிரப்ப இழுத்து வைத்திருந்தார்கள். எல்லா முகமும் உப்பிப்போய்த் தெரிந்தது. 1440 பெருக்கல் 1080 அளவில் நடுவில் வைத்து, இருபுறமும் கறுப்பாக விட்டோம். நிர்வாகத்தில் ஒருவர், “திரை நிறையாதா தம்பி?” என்று கேட்டார். இழுத்ததையும் இழுக்காததையும் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். தன் அம்மா முகத்தைப் பார்த்ததும் அவரே, “இப்படியே இருக்கட்டும்” என்றார்.

எம்டிஎஸ் கோப்புகள் அளவு வரம்பு எட்டியதும் கேமரா தானாகவே துண்டாக்கியவை. அடுத்தடுத்து வைத்தால் இணையும் இடத்தில் ஒலி ஒரு கணம் அறுந்தது. வரிசை மாறாமல் ஒரே கோப்பாக ஒட்டிய பிறகு உள்ளே கொண்டுவந்தால் அந்தச் சிக்கல் இல்லை. டிவிடியின் விஓபி கோப்புகளும் 1 ஜிபிக்கு ஒன்றாக உடைந்திருக்கும், அதற்கும் இதே மருந்து.

பட்டன் போன் துண்டு 176 பெருக்கல் 144. எச்.263 படம், 8 கிலோஹெர்ட்ஸ் ஏஎம்ஆர் ஒலி. லயன் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு பாட்டி அம்மன் தாலாட்டு பாடுகிறார். அவர் இன்று இல்லை. அந்த வாசலும் இல்லை. ஒலியை 48 கிலோஹெர்ட்ஸ் பிசிஎம் ஆக்கினோம். அதனால் தரம் கூடிவிடாது, தொகுப்பில் சேர மட்டும் உதவும். படத்தைப் பெரிதாக்காமல் திரை நடுவில் சின்னதாகவே வைத்தோம். செயற்கை நுண்ணறிவுக் கருவியில் போட்டுத் தெளிவாக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் வேண்டாம் என்றேன். கருவி தன் ஊகத்தில் ஒரு முகத்தை வரைந்து கொடுக்கும், அது பாட்டியின் முகமாக இராது.

ஐபோன் படம் வெளிறியதற்குக் காரணம் எச்டிஆர், அதாவது ஒளி வரம்பை அகலமாக எழுதும் முறை. 2020இல் வந்த ஐபோன் 12 முதல் அதன் ஒரு வகையான டால்பி விஷன் பதிவு உண்டு. சாதாரணத் திரைக்கான நிற வரம்பில் அதை அப்படியே போட்டால் வெளிறிவிடும். நிற மேலாண்மையில் சாதாரணத் திரைக்கான தரமான ரெக். 709க்கு மாற்றியதும் தீக்குழி தணல் தணலாகவே தெரிந்தது.

வாட்ஸ்அப் குவியலுக்குத் தொழில்நுட்ப மருந்து இல்லை. அனுப்பும்போதே சுருங்கிவிட்டது. அனுப்பியவர்களைத் தேடிப் பிடித்து, அதே கோப்பை ஆவணமாக அனுப்பச் சொன்னோம். அப்படி அனுப்பினால் 2 ஜிபி வரை சுருங்காமல் வரும். பலரிடம் மூலம் இருந்தது. சிலர் அழித்துவிட்டிருந்தார்கள்.

தொகுப்பும் ஒப்படைப்பும்

எல்லாவற்றையும் ஒரே இடைநிலைக் கோடெக்குக்கு மாற்றினோம். கடைக் கணினி விண்டோஸ் என்பதால் டிஎன்எக்ஸ் வகை. இதில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுமையாக இருக்கும், எங்கே வெட்டினாலும் கணினி தேட வேண்டியதில்லை. இதற்கு விலை இடம். 1080, 25 ஃபிரேமுக்கு விநாடிக்கு 120 மெகாபிட் என்றால் மணிக்கு 54 ஜிபி; 50 ஃபிரேமுக்கு 108 ஜிபி. அதே ஒரு மணி நேரத்தை ஐபோன் 1080, 30 ஃபிரேமில் ஏறக்குறைய 3.6 ஜிபியில் வைத்துக்கொள்கிறது. ஆகவே வந்ததையெல்லாம் மாற்றாமல், பார்த்துத் தேர்ந்த பகுதிகளை மட்டும் மாற்றினோம். பெரிய டிஸ்க் வாங்கும் செலவை நிர்வாகம் ஏற்றது. கணினியை மாற்ற வேண்டும் என்று நினைத்திருந்த தம்பிக்குப் பல ஆயிரம் வெள்ளி மிச்சம்.

மண்டபத்தில் காட்ட 8 பிட் எச்.264, ஏஏசி ஒலி, எம்பி4 உறை. அங்கே புரொஜெக்டரோடு இணைத்த மடிக்கணினியில் தடங்கல் இல்லாமல் ஓடியது. வீட்டுக்கு பென்டிரைவில் கேட்டவர்களுக்கு அதையே கொடுக்க முடியவில்லை. 1080, 50 ஃபிரேமுக்கு எச்.264இல் 4.2 நிலை (படிக்கும் கருவிக்கு வேண்டிய திறனின் அளவு) வேண்டும். பழைய தொலைக்காட்சிகள் பல 4.1 வரைதான் படிக்கும். அவர்களுக்காக 25 ஃபிரேமில் தனிப் பிரதி எடுத்தோம். அந்தத் தொலைக்காட்சிகளில் அது ஓடியது.

மூலக் கோப்புகள் எதுவும் மாற்றப்படவில்லை. எக்செல் அட்டவணையோடு இரண்டு டிஸ்க்கில் இருக்கின்றன, ஒன்று கோயில் அலுவலகத்தில், ஒன்று செயலாளர் வீட்டில்.

படம் ஓடிய இரவு ஒரு பெரியவர் வந்து, அந்த டிவிடிக்கு மூலமான விஎச்எஸ் கேசட்டுகள் தன் வீட்டு அலமாரியில் இருப்பதாகச் சொன்னார். டிவிடி எடுத்தபோது நீளமான பதிவை ஒரே தட்டில் அடைத்திருந்ததால் எம்பெக்-2 சுருக்கத்தில் முகங்கள் கரைந்திருந்தன. கேசட்டிலிருந்து திரும்பப் பதிவிறக்கினால் கூடுதல் தெளிவு கிடைக்கும். இந்த முறை எஃப்எஃப்வி1 கோடெக்கில், எம்கேவி உறையில் எடுக்க முடிவு செய்திருக்கிறோம். அது இழப்பே இல்லாத சுருக்கம், காப்பகங்கள் பயன்படுத்துவது, 2021இல் இணையத் தரநிலை அமைப்பின் ஆவணமாகவும் வெளிவந்தது. கேசட்டுகளில் இரண்டில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிகிறது. அவற்றைச் சுத்தம் செய்யும்வரை விசிஆரில் போட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லி, நல்ல நிலையில் உள்ள விசிஆர் ஒன்றை ஈப்போவில் தேடிக்கொண்டிருக்கிறேன்.